வெட்டுவதற்கு ஒரு கப்பல்

வலது கை கூம்பை அழுத்துகிறது. இடது கைச் சுட்டுவிரல் அதன் நுனியைத் தாங்கி நிற்கிறது. எண்ணெய்த்தாளைச் சுருட்டிச் செய்த கூம்பு அது. அதன் முனையிலிருந்து வெள்ளை ஐசிங் சிறு வளையமாக இறங்கி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது. அப்படியே இழுத்து எடுத்தால் வால் விழும். அதனால் அழுத்தத்தை முதலில் விட்டு, பிறகு மெல்லத் திருப்பி எடுக்கிறது கை. ஈரத் தூரிகை ஒன்று வளையம் சேர்ந்த இடத்தைத் தடவிவிடுகிறது. கப்பலுக்கு இன்னொரு சாளரம் ஆயிற்று.

கப்பல் ஒரு கதவின் மேல் இருந்தது. அத்தனை நீளமான பலகை வீட்டில் வேறு இல்லாததால், மகள் தர்சிகாவின் அறைக்கதவைக் கழற்றி, விறாந்தை மேசையையும் தையல் மேசையையும் முட்டுக்கொடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள். தர்சிகாவின் அறைக்கு இப்போது ஒரு பழைய சேலைதான் கதவு. வீட்டில் யார் எங்கே போவதென்றாலும் வயிற்றை எக்கிக்கொண்டு கப்பலைச் சுற்றித்தான் போகவேண்டும்.

"இஞ்சருமப்பா, உம்மட கப்பல் எப்ப வெளிக்கிடுது? எனக்கு கிரிக்கெட் பாக்கவேணும்," என்றார் கணவர் பெனடிக்ற், சோபாவுக்கும் கதவுக்கும் நடுவே நெருக்குப்பட்டபடி.

"கதைக்காதேங்கோ. கை அசையும்."

"கதைக்கிறது நான். அசையிறது உம்மட கையோ?"

"மூச்சு விட்டாலும் அசையும்."

"அப்ப மூச்சையும் விடட்டோ?"

"அது உங்கட விருப்பம்."

கைகளுக்கு உரியவர் யோகராணி. ஆக்லாந்து நகரின் பிளாக்ஹவுஸ் பேயில் உள்ள முதியோர் இல்லத்தின் சமையலறையில் பகலில் வேலை. மற்ற நேரமெல்லாம் கேக். தொண்ணூறுகளில் ஆக்லாந்தில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் வீட்டுக் கலியாணம் என்றால், மணமக்களுக்குப் பின்னால் நின்றது பெரும்பாலும் அவருடைய கேக்தான்.

அந்தக் கலியாணங்களில் கேக் இரண்டு வகை. ஒன்று பார்க்கிற கேக். அதற்கு ஸ்ட்ரக்சர் என்று பெயர். பெட்டிக்குள் சாமான் உடையாமல் வைக்கும் வெள்ளை ரெஜிபோமை வெட்டித் தட்டுத்தட்டாக அடுக்கி, மேலே கல்லாக இறுகும் ஐசிங் பூசி, தூண், பூ, வலை எல்லாம் வைத்துச் செய்வது. மற்றது சாப்பிடுகிற கேக். ரவையும் கஜு என்கிற முந்திரியும் பூசணி அல்வாவும் சௌசௌப் பழப்பாகும் பிராண்டியும் சேர்ந்த ரிச் கேக். அதை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த்தாளிலும் பிறகு வெள்ளித்தாளிலும் சுற்றி, வந்தவர்கள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஸ்ட்ரக்சரின் பின்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் ரெஜிபோமைக் குடைந்து உண்மையான கேக்கை வைத்திருப்பார்கள். கத்தியில் ரிப்பன், அந்த இடத்திலும் ரிப்பன். மணமக்கள் அங்கே கத்தியை வைப்பார்கள், படம் எடுப்பார்கள், கைதட்டுவார்கள். மற்றவர்களுக்குத் துண்டுகள் குசினியிலிருந்து வரும். வெட்டுவது ஓரிடம், கொடுப்பது வேறிடம். இதை அங்கே யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை.

யோகராணி யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர். இந்த வேலையை ஒருவரிடமும் படிக்கவில்லை. அவருடைய மச்சாளின் கலியாணத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சர் வந்தது. கலியாணம் முடிந்து அது கிணற்றடியில் கிடந்தபோது, யோகராணி அதைத் தூக்கிப்போய் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி ஐசிங்கைப் படைபடையாகக் கழற்றினார். எது கடைசியாக வைத்தது, அதற்கு அடியில் என்ன, அதற்கும் அடியில் என்ன என்று பின்னாலிருந்து முன்னுக்குப் போய் முழு வேலையையும் தெரிந்துகொண்டார். பூ ஒன்று எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்க்க அதை உடைக்கத்தான் வேண்டும் என்பதும் அப்போது தெரிந்தது. அன்றிலிருந்து தன் வேலை எதையும் உடைத்துப் பார்க்க அவர் தயங்கியதில்லை.

கப்பல் வேலை வந்தது முதியோர் இல்லம் வழியாக. அங்கே இருந்த பழைய இழுவைப்படகு என்ஜினியர் ஒருவரின் பிறந்தநாளுக்கு யோகராணி ஒரு சின்ன இழுவைப்படகு செய்து கொடுத்தார். ரெஜிபோம்தான். கிழவர் அதைச் சாளரத்தடியில் வைத்துக்கொண்டு, தூசி தட்டக்கூட யாரையும் விடவில்லை. அவருடைய மகள் ஜில் சினிமாப் படங்களுக்குப் பொருட்கள் தேடிக் கொடுப்பவர். அவர் படகைக் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார்.

ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. ஹென்டர்சனில் முன்பு அப்பிள் அடுக்கிய பெரிய குளிர்க்களஞ்சியம் ஒன்றுக்குள் ஒட்டுப்பலகையால் ஒரு சொகுசுக் கப்பல் கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கப்பலின் சாயலிலேயே ஒரு கேக் வேண்டும். படத்தின் கடைசி விருந்தில் கப்டன் அதை வெட்டுவார்.

"வெட்டுவார்தானே?" என்று யோகராணி கேட்டார்.

"ஆம், வெட்டுவார்," என்றார் ஜில்.

இரண்டு பேரும் ஒரே விடயத்தைப் பேசுவதாகத்தான் நினைத்தார்கள்.

படத்தின் கதையைக் கேட்காமல் இருக்க முடியாமல் போனது பக்கத்து வீட்டு மரகதத்துக்குத்தான். தமிழ்நாட்டுக்காரர். கணவர் கோதண்டராமன் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். மரகதம் முட்டை சேர்ந்த எதையும் தொட்டு வாயில் வைக்கமாட்டார், ஆனால் கேக் துண்டுகளைத் தாளில் சுற்றுவதில் அவர் விரலுக்கு இணை இல்லை. கலியாண வேலை வந்தால் அவரே வந்து உட்கார்ந்துவிடுவார்.

"கதை என்னக்கா?"

"ஒரு பெரிய கப்பல். கனகாலமா ஓடுது. ஒரு துறைமுகமும் வரேல்ல. எப்ப வருமெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. நல்லா உடுத்திக்கொண்டு ஒவ்வொரு நாளும் சாப்பிட வருவினம். பியானோவுக்குள்ள மீன் நீந்தும். வேலைக்காரர் கடலுக்கு அயன் பிடிப்பினம்."

"எதுக்கு?"

"கடலுக்கு. நீலத்துணி. சுருக்கம் எடுப்பினம்."

"அப்போ கடல் துணியா?"

"படத்திலை அது கடல்தான்."

"ஹீரோ யாரு?"

"கப்டன் எண்டுதான் நினைக்கிறன். அவருக்கும் வயசு எழுபது."

"பாட்டு இருக்கா?"

"இல்லை."

"ஃபைட்டு?"

"இல்லை."

மரகதம் வெள்ளித்தாளின் ஓரத்தை நகத்தால் நீவி மடித்தார். "அப்புறம் எதுக்குக்கா ஜனங்க வந்து பாப்பாங்க?"

"கடைசியிலை கப்டன் கப்பலையே வெட்டி எல்லாருக்கும் சாப்பிடக் குடுப்பார்."

"ஆமா, அது நல்லாருக்கு," என்றார் மரகதம். "ஊர்தான் போய்ச் சேரல. கப்பலையாவது சாப்பிட்டாங்களே."

கப்பல் முடிந்த வியாழக்கிழமை பிற்பகல், இயக்குநரை ஜில் வீட்டுக்கு அழைத்துவந்தார். ஒத்மார் என்று பெயர். ஒல்லியான மனிதர். காலணியை வாசலில் கழற்றச் சொல்லாமலே கழற்றினார். யோகராணிக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. கப்பலைச் சுற்றி வந்தார். முழங்காலில் இருந்து சாளரங்களை ஒரு கண்ணால் பார்த்தார். புகைக்குழாய்களின் சாய்வைக் கையால் காற்றில் அளந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கத்தி கேட்டார்.

யோகராணி ரிப்பன் கட்டிய கத்தியைக் கொண்டுவந்து கொடுத்து, கப்பலின் பின்பக்கத்தில் இருந்த ரிப்பனைக் காட்டினார். "இங்கே."

அவர் சிரித்துத் தலையசைத்துவிட்டு, முன்பக்கம் போய் கப்பலின் மூக்கில் கத்தியை வைத்து இறக்கினார்.

கிறீச்சென்றது. பெனடிக்ற் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். கத்தியில் வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தன. ஒத்மார் அவற்றை ஊதிப் பார்த்தார். அவை பறந்து கம்பளத்தில் விழுந்தன.

யோகராணி எல்லாவற்றையும் சொன்னார். பார்க்கிற கேக், சாப்பிடுகிற கேக், வெட்டுகிற இடம். சொல்லச் சொல்லத்தான், ஜில் சொன்ன வெட்டு வேறு, தான் கேட்ட வெட்டு வேறு என்பது அவருக்கே விளங்கியது. ஒத்மாருக்குக் கோபம் வரவில்லை. கப்பலோடு அனுப்பவென்று சுற்றி வைத்திருந்த சில துண்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, தாளைக் கிழிக்காமல் பிரித்துச் சாப்பிட்டார். இன்னொன்றும் எடுத்தார். பிறகுதான் சொன்னார். கப்டன் முன்பக்கத்தில் தொடங்கிப் பின்பக்கம்வரை நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே போவார். ஒவ்வொரு பயணிக்கும் அவரவர் அறை இருக்கிற துண்டு கிடைக்கும். ஒரு பெண் தன் சாளரத்தைக் கண்டுபிடித்து அதைத்தான் முதலில் சாப்பிடுவாள். கமெரா ஒரு தரமும் வேறு பக்கம் திரும்பாது.

"இந்தக் கப்பலையே வைத்துக்கொள்ளலாம்," என்றார் ஜில். "கத்தியைத் தூக்குவதைக் காட்டுவோம். பிறகு தட்டுகள். பிறகு முகங்கள்."

ஒத்மார் மறுத்துத் தலையாட்டினார். "அப்படியென்றால் அந்தக் காட்சி வேண்டாம். படம் முந்தின விருந்தோடு முடியட்டும்." கப்டனாக நடிப்பவர் செவ்வாய்க்கிழமை ஊருக்குத் திரும்புகிறார். எடுத்தால் திங்கட்கிழமை எடுக்கவேண்டும்.

யோகராணி கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் அவர் கையால் உருவம் கொடுத்த எதையும் ஒருவரும் சாப்பிட்டதில்லை. கலியாணம் முடிந்த கையோடு ஸ்ட்ரக்சர் வீட்டுக்குத் திரும்பி வரும், ஐசிங்கைத் தட்டிவிட்டு அடுத்த கலியாணத்துக்கு அதே ரெஜிபோமை எடுப்பார். இந்தக் கப்பல் மட்டும் படத்திலாவது எல்லோர் தட்டிலும் போய்ச் சேர்ந்து முடியப் போகிறது என்று, ஜில் கதையைச் சொன்ன நாளிலிருந்து, அந்த நினைப்போடுதான் ஒவ்வொரு சாளரத்தையும் வைத்திருந்தார். இப்போது அது ஒருவர் தட்டிலும் விழாமல் கராஜுக்குப் போகும்.

"திங்கட்கிழமை காலையில்," என்றார் அவர்களிடம். "முழுக்கப்பலையும் கேக்கில் தருகிறேன்."

அவர்கள் போனபிறகு பெனடிக்ற் கேட்டார். "உமக்கு விசரே? அடுத்த கிழமை சனிக்கிழமை பிள்ளையின்ர கலியாணம்."

"தெரியும்."

"பிறகென்ன?"

"அதைத்தான் யோசிக்கிறன்."

யோசிக்க வேண்டியதுதான். புதிதாகச் சுட்ட ரிச் கேக் கத்தி பட்டவுடன் பொலபொலவென்று உதிரும். பிராண்டியை உறிஞ்சிக் கிடந்து இறுகிய கேக்தான் நேராக வெட்டுப்படும். அப்படிக் கிடந்து இறுகிய கேக், ஒரு முழுக்கப்பலுக்குப் போதுமான அளவு, ஆக்லாந்தில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அதே வீட்டின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், தட்டுத்தட்டாக அலுமினியத்தாளில் சுற்றி. தர்சிகாவின் கலியாணத்துக்கு.

வேலை முடிந்து வந்த தர்சிகா, அறைவாசலில் தொங்கிய சேலையை விலக்கிக்கொண்டு வந்தபோது, அம்மா அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"அம்மா, வாட் ஆர் யூ டூயிங்?"

யோகராணி சொன்னார். தர்சிகா தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. "எடுங்கோ அம்மா. ஜஸ்ட் டேக் இட்."

"உன்ர கலியாணக் கேக்கடி."

"எனக்கு ரிச் கேக் பிடிக்காது."

"என்ன?"

"ஐ நெவர் லைக்ட் இட். பூசணி, சௌசௌ எல்லாம் பல்லிலை ஒட்டும். எனக்கு சொக்லெற் கேக்தான் விருப்பம்."

"இவ்வளவு காலமும் நீ சொல்லேல்லையே."

"யூ நெவர் ஆஸ்க்ட், அம்மா."

"எனக்கும் அந்தச் சௌசௌ..." என்று சேலைக்கு அப்பாலிருந்து பெனடிக்ற் தொடங்கினார்.

"நீங்கள் வாயை மூடுங்கோ."

யோகராணி கட்டிலில் போய் இருந்தார். ஆக்லாந்தில் அவரிடம் வந்த ஒவ்வொரு மணப்பெண்ணிடமும், என்ன நிறம், எத்தனை தட்டு, தூண் வேண்டுமா, பூ வேண்டுமா, உள்ளே கஜு கூடவா குறையவா என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டவர் அவர். பெற்ற பிள்ளையிடம் கேட்கத் தோன்றவில்லை. சிறுவயதில் தர்சிகாவின் தட்டோரத்தில் சௌசௌத் துண்டுகள் ஒதுங்கிக் கிடக்கும். அவற்றையெல்லாம் தானே எடுத்துச் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. பிள்ளை அம்மாவுக்கென்று மிச்சம் வைக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தார்.

"சொக்லெற் கேக்கைத் தாளிலை சுத்தினா ஒட்டுமடி," என்றார் கடைசியில்.

"சுத்தவேண்டாம். அங்கேயே சாப்பிடுவினம்."

"அங்கேயேவோ?"

"யெஸ் அம்மா. வித் எ ஃபோர்க்."

யோகராணி மகளைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "முள்ளுக்கரண்டியாலையாம்," என்று சேலைக்கு அப்பால் குரல் கொடுத்தார். "கேட்டனீங்களே?"

"கேட்டது, கேட்டது. நான் ரெண்டு துண்டு சாப்பிடுவன்."

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு யோகராணி வேலையைத் தொடங்கினார். பெனடிக்ற் ஹென்டர்சனில் தகர வேலை செய்யும் பட்டறையில் இருப்பவர். அவருக்கு அளவு பிசகாது. பழைய கப்பலைப் பலகையிலிருந்து பெயர்த்து எடுத்து, அதன் வளைவுகளைத் தகரத்தில் பதித்து அச்சு வெட்டிக் கொடுத்தார். யோகராணி கேக்கை, தாளில் சுற்றும் அதே விரல் நீளத் துண்டுகளாகவே வெட்டினார். அந்த அளவில் வெட்டிப் பழகிய கை. துண்டுகளை அச்சுக்குள் செங்கல்போல் அடுக்கி, இடையில் கஜுவை அரைத்த பசையைச் சாந்தாகப் பூசினார். அதற்கு அல்மண்ட் பேஸ்ற் என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்தில் ஒருநாளும் அதில் அல்மண்ட் இருந்ததில்லை.

"கேக் வேலை எண்டு கூப்பிட்டுவிட்டு மேசன் வேலை வாங்கிறீர்," என்றார் பெனடிக்ற்.

"மேசன் எண்டா வாய் பேசாமல் வேலை செய்வான்."

ஒவ்வொரு அறையின் அகலமும் ஒரு துண்டின் அகலம். சாளரம் துண்டின் நடுவில் வரவேண்டும். அப்படியென்றால்தான் பயணிக்குத் தன் சாளரம் முழுசாகக் கிடைக்கும்.

இக்கட்டு ஐசிங்கில் வந்தது. ஸ்ட்ரக்சருக்குப் பூசும் ஐசிங் இறுகினால் சுத்தியல் வேண்டும். அதில் கிளிசரின் கலந்தால் கத்தி இறங்கும். எவ்வளவு கலப்பது என்பது அவருக்குத் தெரியாது. இறுகுவதுதான் அதுவரை அவருக்கு வேண்டியிருந்தது. மிஞ்சிய துண்டுகளில் சின்னச் சுவர் ஒன்று கட்டி, கராஜில் பெனடிக்ற் வேலைக்கு வைத்திருக்கும் பெரிய விளக்கை அதன்மேல் பிடிக்கச் செய்தார். படப்பிடிப்பு விளக்குகள் இதைவிடச் சூடு. முதல் கலவையில் சாளரங்கள் கண்ணீர்போல வழிந்தன. அடுத்ததில் ஐசிங் கண்ணாடிபோல் வெடித்துக் கத்தியோடு வந்தது. சுவரை உரித்து மறுபடியும் பூசினார். ஞாயிறு காலைப் பூசைக்குப் போனபோதும் அவருடைய நகக்கண்ணில் ஐசிங் இருந்தது.

பூசையிலிருந்து திரும்பி வந்து, கிளிசரினைக் கொஞ்சம் கூட்டிக் கலந்தார். விளக்குக்குக் கீழே காயவிட்டுக் காத்திருந்தார். மரகதமும் வந்து நின்றார். யோகராணி கத்தியை வைத்து, அழுத்தாமல், அதன் பாரத்துக்கே விட்டார். சத்தமில்லாமல் இறங்கியது. துண்டு சாய்ந்து படுத்தது. வளையச் சாளரம் உடையாமல் மேலே பார்த்துக் கிடந்தது.

"அல்வா மாதிரி விழுதுக்கா," என்றார் மரகதம். ஆசையோடு பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "முட்டை மட்டும் இல்லாட்டி..."

"உமக்குப் பிறகு முட்டையில்லாமல் ஒரு படகு செய்து தாறன்."

"கட்டுமரம் போதும்."

அன்று பொழுது சாய்வதற்குள் கப்பல் மறுபடியும் கதவின்மேல் நின்றது. முந்தியதைவிட இது கொஞ்சம் கனத்து, கொஞ்சம் தாழ்ந்து தெரிந்தது. பாரம் ஏற்றிய கப்பல் அப்படித்தான் இருக்கும் என்றார் பெனடிக்ற். தர்சிகா வந்து ஒரு பக்கமாகக் குனிந்து பார்த்தாள். அடுக்கும்போது கழித்துப் போட்ட ஓரத்துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். சௌசௌவை விரலால் எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதை அம்மாவிடம் நீட்டினார். யோகராணி வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஜில் மூடிய லொறியோடு வந்தார். கதவோடு சேர்த்துத்தான் தூக்கவேண்டும். நாலு மூலையிலும் நாலு பேர். பெனடிக்ற் பின்னோக்கி நடந்தார்.

ஹென்டர்சன் களஞ்சியத்துக்குள் போனதும் யோகராணி நின்றுவிட்டார். எதிரே மின்னும் வெள்ளைச் சுவர், பித்தளைக் கைப்பிடி, சரவிளக்கு, நீண்ட விருந்து மேசை. சுவரின் ஓரத்தால் ஒரு எட்டு உள்ளே வைத்துப் பார்த்தார். பின்பக்கத்தில் வர்ணம் பூசாத பலகை, ஆணி, முட்டுக்கொடுத்த தடிகள். ஒரு மூலையில் ஒருவர் உண்மையாகவே நீலத்துணிக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பாருங்கோப்பா," என்று பெனடிக்றிடம் சொன்னார். "இதுவும் எங்கட ஸ்ட்ரக்சர்தானே."

"ஓம். இப்ப உம்மட கப்பல் மட்டும்தான் உள்ளுக்குச் சரக்கு இருக்கிற கப்பல்."

கதவை விருந்து மேசையின் நடுவில் இறக்கினார்கள். வெள்ளைத் துணியை இழுத்துவிட்டுக் கதவின் ஓரத்தை மறைத்தார்கள். கைப்பிடி இருந்த ஓட்டையை ஜில் ஒரு பூங்கொத்தால் மூடினார். கப்டன் உடையில் ஒரு பெரியவர் தூரத்தில் நாற்காலியில் இருந்து எட்டிப் பார்த்தார். ஒத்மார் வந்தார். இந்தமுறை முழங்காலில் இருக்கவில்லை. கப்பலைச் சுற்றி நடந்து பின்பக்கம் போய் எதையோ தேடினார். மறுபடியும் முன்பக்கம் வந்து தேடினார்.

"ரிப்பன் இல்லையே," என்றார். "எங்கே வெட்டலாம்?"

"எங்கே வேண்டுமானாலும்," என்றார் யோகராணி.

அவர் நம்பாததுபோல் பார்த்தார். யோகராணி பையிலிருந்து கத்தியை எடுத்தார். அதிலும் ரிப்பன் இல்லை. முனையைத் தன் பக்கம் வைத்து, பிடியை அவர் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் ஒரு நொடி விடவில்லை.

"அழுத்தவேண்டாம் என்று கப்டனிடம் சொல்லுங்கள். அது தானாகவே இறங்கும்," என்றார். "கதவை மட்டும் சனிக்கிழமைக்கு முதல் திருப்பித் தரவேண்டும். அது மணப்பெண்ணின் கதவு."